குழாய் இல்லாத கனெக்ஷன்

எங்க ஊருல எந்தத் தெருவுலயும் கேஸ் குழாய் கிடையாது. ஆனாலும் வீட்டுக்கு வீடு ‘கேஸ் கனெக்ஷன் இருக்கு’ன்னுதான் சொல்லுதோம். கரண்டுன்னா கம்பி வருது, அறுத்தா தெரியும். தண்ணின்னா குழாய் வருது, அடைச்சா தெரியும். கேஸுக்கு அப்படி என்ன இருக்கு? ஒரு செவப்பு சிலிண்டர். அதுவும் நம்மளுது இல்லை. இன்னைக்கு நம்ம வீட்டுல இருக்கிறது அடுத்த மாசம் எந்த ஊருலயோ இருக்கும். அப்போ கனெக்ஷன்னு எதைச் சொல்லுதோம்?

2023 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் தாமிரபரணிக் கரையில நிறைய பேரு கேஸ் அடுப்பை மறுபடி பத்த வைக்கிறதுக்காக அலைஞ்சாங்க. அப்பதான் எனக்கு இந்தக் கேள்வி வந்தது. பட்டணத்துல இருக்கிறவங்களுக்கு இது சின்ன விஷயமா தெரியலாம். எங்க பக்கத்துல அடுப்புக்கு ஒரு நீளமான சரித்திரம் இருக்கு. அதைச் சொன்னாத்தான் அந்த அலைச்சலோட அருமை புரியும்.

உடையும் மட்டையும்

தூத்துக்குடி மாவட்டத்துல ஒரே மாதிரி விறகு எங்கயும் கிடையாது. எங்க ஆத்துப் பாசனத்துல வாழையும் நெல்லும்தான். வாழை எரியாது. வைக்கோல் மாட்டுக்கு வேணும். அதனால ஆத்தங்கரை ஊர்கள்ல அடுப்புக்கு வரட்டி, தென்னை மட்டை, கொதும்பு, பாளை. வடக்க விளாத்திகுளம், எட்டயபுரம் கரிசல் பக்கம் போனா பருத்திமாரும் கம்பந்தட்டையும். தெக்க திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம் தேரிக்காட்டுப் பக்கம் பனை மட்டை, காஞ்ச ஓலை, உடை விறகு.

உடைன்னா குடை விரிச்ச மாதிரி தட்டையா நிக்கிற மரம். செம்மண் தேரியில தண்ணி இல்லாமலே வளரும். நல்லா நின்னு எரியும். அந்தக் காலத்துல தூத்துக்குடி டவுனுக்கு மாட்டு வண்டியில விறகுன்னு போனதுல உடைக்குப் பெரிய பங்கு உண்டு.

சமையலுக்கு மட்டும் விறகு தேவைப்பட்டிருந்தா பரவாயில்லை. பனை ஏறுற ஊர்கள்ல கருப்பட்டி காய்ச்சணும். பதனீரை மணிக்கணக்கா கொதிக்க வச்சாத்தான் பாகு பதத்துக்கு வரும். பனங்காட்டுல ஆம்பளை மரம் ஏறினா, பொம்பளைக்கு வேலை விறகு சேர்க்கிறதும் அடுப்பு முன்னால உக்காருறதும்தான். பங்குனியில இருந்து ஆடி வரைக்கும் அந்த விடிலிக்குள்ள வெக்கை எப்படி இருக்கும்னு உள்ள போனவங்களுக்குத் தெரியும். கடற்கரையில சுண்ணாம்புக் காளவாசல் இருந்தது. அதுக்கும் விறகு. ஆக, மரம் கம்மியா இருக்கிற மாவட்டத்துல விறகுக்கு மட்டும் ஏகப்பட்ட பங்காளி.

இந்தப் பஞ்சத்துலதான் சீமைக்கருவேலம் வந்து ஒக்காந்துச்சு. இது அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1870-கள் கடைசியில வெள்ளைக்கார வனத்துறை மெட்ராஸ் மாகாணத்துக்கு விதை கொண்டு வந்தாங்க. நிலத்தடித் தண்ணியையும் மேய்ச்சலையும் கெடுக்குதுன்னு இன்னைக்கு அதை எல்லாரும் திட்டுதோம். நானும் என் வயல் வரப்புல கண்டா வேரோட புடுங்கத்தான் செய்வேன். ஆனா அடுப்போட சரித்திரம்னு எழுதும்போது ஒண்ணைச் சொல்லணும். ரெண்டு மூணு தலைமுறைக்கு இந்தப் பக்கத்து ஏழைவீட்டு அடுப்பு எரிஞ்சது இந்த முள்ளுலதான். பட்டா கேக்காத விறகு. வெட்டினா மறுபடி தழைக்கும். விளாத்திகுளம் பக்கமும் ராமநாதபுரம் பக்கமும் இன்னைக்கும் கரிமூட்டம் போட்டு வெளியூருக்கு லாரி லாரியா கரி அனுப்புதாங்க. மழை பொய்ச்ச வருஷம் கரிசல் சம்சாரிக்குக் கஞ்சி ஊத்தினது அந்த மூட்டம்தான்.

முள்ளு வெட்டப் போறது பொம்பளைங்க. அருவாள், கவைக்கம்பு, தலைக்குச் சும்மாடு. காலுல முள்ளு ஏறினா ஊக்கால தோண்டி எடுத்துட்டு விறகுக் கட்டைத் தூக்கிட்டு வருவாங்க. எங்க அம்மை காலுல ஒடிஞ்ச முள்ளு ரெண்டு கடைசி வரைக்கும் உள்ளயே கிடந்தது.

சீமெண்ணெய்

அடுத்து வந்தது மண்ணெண்ணெய். எங்க பக்கம் சீமெண்ணெய்னுதான் சொல்லுவோம். முதல்ல அது விளக்குக்குத்தான். அது வந்த தகர டின்னுதான் பிறகு ஊரு பூராவும் தண்ணி தூக்குற வாளியாச்சு. அப்புறம் பம்பு ஸ்டவ்வும் திரி ஸ்டவ்வும் வந்தது. பம்பு ஸ்டவ்வை சுவீடன் நாட்டுக்காரங்க 1892-ல செஞ்சாங்க. எங்க ஊருக்கு அது வர எழுபது எண்பது வருஷம் ஆச்சு. திரி ஸ்டவ்வுல காப்பி போடலாம், பிள்ளைக்குப் பால் காய்ச்சலாம். உலை வைக்கக் கட்டுபடி ஆகாது.

ரேஷன் கடையில ஊதா நிறச் சாயம் கலந்த எண்ணெய் வரும். கள்ளச் சந்தைக்குப் போனா கண்டுபிடிக்கணும்னு அந்தச் சாயம். கேஸ் வாங்கின வீடுன்னா ரேஷன் கார்டுல சிலிண்டர் முத்திரை குத்தி எண்ணெயைக் குறைப்பாங்க, ரெண்டு சிலிண்டர்னா நிறுத்திருவாங்க. அதனால கேஸ் வாங்கிறதுக்கே கொஞ்ச பேரு யோசிச்சாங்க. சிலிண்டர் தீந்து அடுத்தது வர 20 நாள் ஆனா, கையில சீமெண்ணெயும் இல்லாம போயிருமேங்கிற பயம். அந்தப் பயம் நியாயமானதுதான்.

கனெக்ஷன்ங்கிற வார்த்தை வந்த கதை

கனெக்ஷன்ங்கிற வார்த்தை குழாய் காலத்து வார்த்தை. கல்கத்தாவுல 1857-லயே நிலக்கரியில இருந்து எடுத்த வாயுவைக் குழாய் வழியா விட்டுத் தெருவிளக்கு ஏத்தியிருக்காங்க. 1860-கள்ல பம்பாயிலயும் வந்தது. அங்க வீட்டுக்குள்ள குழாய் இழுத்தா அது கனெக்ஷன். பணம் கட்டலைன்னா குழாயை மூடுவாங்க, கட்டினா திறப்பாங்க. விஷயம் அவ்வளவுதான்.

எல்.பி.ஜி.ங்கிற சிலிண்டர் கேஸ் நம்ம நாட்டுல 1955-ல பம்பாயில பர்மா ஷெல் கம்பெனி மூலமா விற்பனைக்கு வந்தது. இந்தியன் ஆயிலோட இண்டேன் 1965 அக்டோபர்ல கல்கத்தாவுல முதல் வீட்டுக்குப் போச்சு. 1970-கள்ல வெளிநாட்டு எண்ணெய்க் கம்பெனிகளை அரசாங்கம் எடுத்துக்கிட்டப்போ எஸ்ஸோ ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் ஆச்சு, பர்மா ஷெல் பாரத் பெட்ரோலியம் ஆச்சு. இன்னைக்கு நாம பாக்கிற மூணு கேஸும் அப்படி வந்ததுதான்.

குழாய் போய் சிலிண்டர் வந்த பிறகும் வார்த்தை மட்டும் மாறலை. ஆனா அதுக்குள்ள இருக்கிற பொருள் மாறிப் போச்சு. இப்போ கனெக்ஷன்னா மூணு விஷயம். கம்பெனிகிட்ட நாம கட்டியிருக்கிற டெபாசிட் ஒண்ணு. அதுக்கு அவங்க கொடுத்த ரசீதும் நம்பரும் ஒண்ணு. அந்த நம்பருக்கு எதிர இருக்கிற ஒரு ஆளோட பேரு ஒண்ணு. சிலிண்டரும் ரெகுலேட்டரும் கம்பெனி சொத்து, நமக்கு இரவல். அடுப்பும் உள்ள இருக்கிற 14.2 கிலோ கேஸும்தான் நம்ம சொத்து. ஆக, இந்தக் கனெக்ஷன் இருக்கிறது சமையல்கட்டுல இல்லை, ஏஜென்சியில இருக்கிற ஏட்டுல. அது அறுந்தாலும் ஏட்டுலதான் அறுகும், ஒட்டினாலும் ஏட்டுலதான் ஒட்டும்.

1980, 90-கள்ல அந்த ஏட்டுல பேரு ஏறுறதே பெரும்பாடு. எழுதி வச்சுட்டு வருஷக்கணக்கா காத்திருக்கணும். எம்.பி. சிபாரிசு கோட்டான்னு ஒண்ணு இருந்தது. கலியாணத்துல மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ‘கேஸ் உண்டா’ன்னு கேட்ட காலம். டவுன்ல வாத்தியார் வீடு, துறைமுகத்துல வேலை பார்த்தவங்க வீடு, அனல்மின் நிலையத்து குவாட்டர்ஸ், ஸ்பிக் குவாட்டர்ஸ் இங்கதான் மொதல்ல எரிஞ்சது. 1974-ல புதுத் துறைமுகம், 75 வாக்குல ஸ்பிக், 79-ல அனல்மின் நிலையம்னு வரிசையா வந்ததுல தூத்துக்குடிக்குச் சம்பளக்காரங்க வந்தாங்க, அவங்களோட கேஸும் வந்தது. முப்பது கிலோமீட்டர் தள்ளி இருந்த எங்களுக்கு அது சினிமாவுல பாக்கிற அடுப்பு.

கிராமத்துக்குள்ள நிஜமா கேஸ் நுழைஞ்சது 2007-ல இருந்துதான். 2006 தேர்தல்ல சொன்னபடி கலைஞர் அரசாங்கம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச கேஸ் அடுப்பும் கனெக்ஷனும் கொடுக்க ஆரம்பிச்சது. கலர் டி.வி.யைப் பத்தி எல்லாரும் பேசினாங்க, அடுப்பைப் பத்தி அவ்வளவா பேசலை. எங்க தெருவுல பொம்பளைங்களைக் கேட்டா எது பெருசுன்னு சொல்லுவாங்க. பிறகு 2016 மே 1-ல மத்திய அரசோட உஜ்வலா திட்டம் உத்தரப்பிரதேசம் பலியாவுல ஆரம்பிச்சது. அதுல ஒரு நல்ல விஷயம், கனெக்ஷன் வீட்டுப் பொம்பளை பேருலதான் கொடுக்கணும்னு வச்சாங்க. அது எவ்வளவு முக்கியம்னு பின்னால சொல்லுதேன்.

ஒரே கதவு எண், ரெண்டு உலை

2012 செப்டம்பர்ல மானிய சிலிண்டர் வருஷத்துக்கு 6-தான்னு மத்திய அரசு சொல்லிருச்சு. 2013 ஜனவரியில 9 ஆச்சு, 2014-ல 12 ஆச்சு. அதுல சத்தம் போட்டது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதே சமயத்துல சத்தமில்லாம இன்னொண்ணு நடந்தது. ஒரே பேருல, ஒரே விலாசத்துல ரெண்டு மூணு கனெக்ஷன் இருக்கிறதைக் கம்ப்யூட்டர்ல தேடிப் பிடிச்சு நிறுத்தினாங்க. திரும்ப வேணும்னா கே.ஒய்.சி. ஃபாரம் எழுதி, அடையாளமும் விலாசமும் காட்டணும்.

மோசடியா வச்சிருந்தவங்களும் உண்டு, இல்லைன்னு சொல்லலை. ஆனா கிராமத்துல விலாசம்னா என்ன? அப்பா கட்டின ஒரே வீடு. நடுவுல சுவர் வச்சு அண்ணன் இந்தப் பக்கம், தம்பி அந்தப் பக்கம். கதவு எண் ஒண்ணுதான். உலை ரெண்டு. எங்க பக்கம் ‘தனி உலை வச்சாச்சு’ன்னு சொன்னா பாகம் பிரிஞ்சாச்சுன்னு அர்த்தம், பத்திரம் எழுதாட்டாலும். வேடிக்கை என்னன்னா கேஸ் சட்டமும் அதைத்தான் சொல்லுது. புருஷன், பொண்டாட்டி, கலியாணம் ஆகாத பிள்ளைங்க, கூட இருக்கிற தாய் தகப்பன் ஒரே சமையல்கட்டுல சாப்பிட்டா அது ஒரு குடும்பம், ஒரு கனெக்ஷன். சமையல்கட்டு வேற, ரேஷன் கார்டு வேறன்னா குடும்பமும் வேற. சட்டமும் ஊரு வழக்கமும் ஒத்துப் போச்சு. ஒத்துப் போகாதது கம்ப்யூட்டர்தான். அதுக்கு உலை தெரியாது, கதவு எண்தான் தெரியும்.

எங்க தெருவுலயே நாலு வீட்டுக்கு நின்னு போச்சு. தனி ரேஷன் கார்டு இருந்தவங்க சீக்கிரம் வாங்கிட்டாங்க. இல்லாதவங்க மொதல்ல கார்டைப் பிரிக்கணும், அப்புறம் கேஸுக்கு வரணும். அதுவரைக்கும் முள்ளு விறகு. ஒண்ணு ரெண்டு வீட்டுல அண்ணன் தம்பிக்குள்ள ‘நீ கொடுத்துரு, நான் வச்சுக்கிடுதேன்’னு சண்டையும் வந்தது.

கடலுக்கு அந்தப் பக்கம்

2022-ல இலங்கையில நடந்ததையும் இங்க சொல்லணும். அங்க ஏட்டுல எந்தக் கோளாறும் இல்லை. நாட்டுகிட்ட டாலர் இல்லை, கேஸ் கப்பல் வந்து நின்னாலும் பணம் கட்டி இறக்க முடியலை. ஏப்ரல்ல 12.5 கிலோ சிலிண்டர் விலை 2,675 ரூபாய்ல இருந்து ஒரேயடியா 4,860 ரூபாய் ஆச்சு. அந்த விலைக்கும் கிடைக்கலை. ரோட்டோரமா காலி சிலிண்டரைச் சங்கிலி போட்டுக் கட்டி வரிசை வச்சுட்டு ஜனங்க ராப்பகலா காத்துக் கிடந்தாங்க. கிராமத்துக்காரங்க விறகுக்குத் திரும்பிட்டாங்க. கொழும்புல மாடிவீட்டுல இருந்தவங்கதான் ரொம்பத் திண்டாடினாங்க. பத்தாவது மாடியில எங்க விறகு மூட்ட?

அந்த வருஷம் தமிழ்நாடு அரசு அனுப்பின அரிசியும் பால் மாவும் மொதல்ல சென்னையில இருந்தும் பிறகு நம்ம தூத்துக்குடித் துறைமுகத்துல இருந்தும் கப்பல் ஏறிச்சு. அரிசி போச்சு. அதைப் பொங்குறதுக்கு அடுப்பு? அப்பவே நான் நினைச்சேன், ஒரு ஊரு விறகை விட்டுட்டுக் கேஸுக்குப் போயிருச்சுன்னா திரும்பி வரது லேசு இல்லைன்னு. அடுத்த வருஷமே அது எங்களுக்கும் வந்துச்சு.

சிலிண்டர் மிதந்த நாள்

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் காலை வரைக்குமான 24 மணி நேரத்துல காயல்பட்டினத்துல 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூர்ல 69, ஸ்ரீவைகுண்டத்துல 62. எங்க மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்க பெய்யிற மழையை விட அதிகமா ஒரே நாள்ல காயல்பட்டினத்துல ஊத்திருச்சு. குளம் எல்லாம் உடைஞ்சது. ஆறும் குளமும் சேர்ந்து ஊருக்குள்ள வந்தது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல செந்தூர் ரயில் நின்னு போனதை எல்லாரும் டி.வி.யில பாத்திருப்பீங்க. ஏரல் கடைத்தெரு தண்ணிக்குள்ள கிடந்தது.

அன்னைக்கு நிறைய பேரு ஆச்சரியப்பட்டது சிலிண்டர் மிதந்ததைப் பார்த்து. முப்பது கிலோ இரும்பு எப்படி மிதக்கும்? கணக்குப் போட்டுப் பாத்தா புரியும். ஒரு சிலிண்டருக்குள்ள 33 லிட்டர் தண்ணி பிடிக்கும். அப்போ அது தண்ணியில முழுசா முங்கினா 33 லிட்டருக்கு மேலயே தண்ணியைத் தள்ளும். காலி சிலிண்டர் எடை 15, 16 கிலோ. கேஸோட சேர்த்தாலும் 30 கிலோ. அதனால நிறைஞ்ச சிலிண்டர்கூட மிதக்கும், காலி சிலிண்டர் பந்து மாதிரி போகும். ரெகுலேட்டரோட அடுப்பையும் இழுத்துட்டுப் போன வீடுகள் உண்டு.

தண்ணி வடிஞ்சு நான் வாழைத் தோட்டத்துக்குப் போனப்போ வாழை பூரா சாஞ்சு கிடந்தது. அதுக்கு நடுவுல ரெண்டு சிலிண்டர் ஒதுங்கிக் கிடந்தது. யாருதுன்னு யாருக்கும் தெரியாது. ஒரே செவப்பு, ஒரே உருவம். பித்தளைப் பானைன்னா பேரு வெட்டியிருக்கும். எங்க தெருப் பெரியம்மைக்கு, அதாவது எங்க அப்பாவோட பெரியப்பா மருமகளுக்கு, சிலிண்டர் போயிருந்தது. ‘ஒண்ணு உங்களுதா இருக்கும், எடுத்துக்கிடுங்க பெரியம்மை’ன்னு சொன்னேன். ‘எவ வீட்டுதோ எய்யா. அவளும் தேடிட்டுத்தான இருப்பா. கடைக்காரனுட்ட கொடுத்துரு’ன்னுட்டாவ. சிலிண்டர் போடுற பையன்கிட்டயே ரெண்டையும் கொடுத்து விட்டோம்.

பெரியம்மைக்கு வயசு 70-க்கு மேல. தனி ஆள். பெரியப்பா தவறி நாலு வருஷம் ஆச்சு. மக திருப்பூர்ல, மகன் பம்பாயில. கேஸ் பெரியப்பா பேருல இருந்தது. அவர் இருந்தப்போ வாங்கினது, அவர் போன பிறகும் அந்த நம்பருக்கே போன் பண்ணி சிலிண்டர் வாங்கிட்டு இருந்தாவ. யாரும் எதுவும் கேக்கலை. வெள்ளத்துல சிலிண்டர், ரெகுலேட்டர், புஸ்தகம், ரசீது, போன் எல்லாம் போச்சு. ஏஜென்சியில போய் நின்னப்போதான், இறந்து போன மனுஷன் பேருல புது சிலிண்டர் தர முடியாதுன்னு சொன்னாங்க. அவங்க சொன்னதுல தப்பு இல்லை. ஏட்டுல இருக்கிற பேருக்கு ஆள் இல்லை. ஆள் இருக்காவ, ஏட்டுல பேரு இல்லை.

பேரு மாத்தணும்னா இறப்புச் சான்றிதழ் வேணும். ஆதார், ரேஷன் கார்டு வேணும். மத்த வாரிசுங்க ‘எங்களுக்கு ஆட்சேபணை இல்லை’ன்னு எழுதித் தரணும். ரசீது தொலைஞ்சதுக்கு ஒரு உறுதிமொழி எழுதணும். சான்றிதழ் இ-சேவை மையத்துல எடுத்தோம். திருப்பூர்ல இருந்து மக நேர்ல வந்து கையெழுத்துப் போட்டா. பம்பாய்க் கடிதம் வர பொங்கல் தாண்டிருச்சு.

அதோட முடியலை. 2023 அக்டோபர்லதான் எல்லாரும் ஆதார் கைரேகை வச்சு கேஸ் கனெக்ஷனை உறுதி பண்ணணும்னு மத்திய அரசு சொல்லியிருந்தது. வெள்ளம் வந்த சமயத்துல ஏஜென்சி முன்னால அந்தக் கூட்டம் வேற. (இதுக்குக் கடைசித் தேதி எதுவும் கிடையாதுன்னு பெட்ரோலிய அமைச்சர் ஹர்தீப் சிங் பூரி 2024 ஜூலையிலதான் தெளிவாச் சொன்னாரு.) பெரியம்மை விரலை வச்சா மெஷின்ல விழலை. பத்து விரலையும் வச்சுப் பாத்தாச்சு. ஐம்பது வருஷம் நாத்து நட்டு, களை பறிச்சு, வரட்டி தட்டின கை. ரேகை தேஞ்சு வழவழன்னு இருக்கு. அங்க இருந்த பிள்ளை, ‘ஆச்சி, எண்ணெய் தேச்சுட்டு நாளைக்கு வாங்க’ன்னு சொல்லி அனுப்பிருச்சு. எண்ணெய் தேச்சும் விழலை. மூணாவது தடவை முகத்தைப் போன்ல படம் எடுத்துச் சரி பார்த்தாங்க. கண்ணைச் சிமிட்டச் சொன்னாங்க. சிமிட்டினாவ. அது ஏத்துக்கிட்டது.

அதுவரைக்கும் பெரியம்மை விறகுலதான் பொங்கினாவ. அதுவும் என்ன விறகு? வெள்ளத்துல ஊறின மட்டை. ஒரு நாள் நான் போனப்போ ஊதுகுழலை வச்சுட்டு இருமிட்டு இருந்தாவ. ‘பொகை எனக்குப் புதுசா எய்யா? பொறந்ததுல இருந்து பொகைதான். ஆனா வயசாகிப் போச்சுல்லா. ஊத மூச்சு வரமாட்டேங்குது’ன்னாவ. பழக்கம் போகலை, உடம்புதான் விட்டுப் போச்சு.

2024 பிப்ரவரி 7-ல கேஸ் வந்தது. வெள்ளம் வந்த அன்னையில இருந்து 52 நாள். பெரியம்மை சுவத்துல கரியால கோடு போட்டு வச்சிருந்தாவ. தொலைஞ்ச சிலிண்டர், ரெகுலேட்டருக்குக் கட்டினது, புது டியூப், சேறு ஏறின அடுப்பைச் சரி பண்ணினது, சிலிண்டர் விலைன்னு எல்லாம் சேர்த்து, அரசாங்கம் கொடுத்த 6,000 ரூபாய் வெள்ள நிவாரணத்துல பாதிக்கு மேல அடுப்படிக்கே போயிருச்சு. அப்போ சென்னையிலயே சிலிண்டர் 918 ரூபாய் 50 காசு. இது மாதிரி எங்க ஊருல ஒரு வீடு இல்லை, பல வீடு. பொம்பளை பேருல கனெக்ஷன் இருந்த வீடுகளுக்கு, புஸ்தகம் போயிருந்தாலும், ஆதாரைக் காட்டி ரெண்டு வாரத்துல முடிஞ்சது. தவறிப்போன ஆம்பளை பேருல இருந்த வீடுகள்தான் இழுத்தது. 2016-ல பொம்பளை பேருல கொடுக்கணும்னு வச்சது எவ்வளவு முக்கியம்னு சொன்னேன்ல, இதுக்குத்தான்.

வெள்ளத்துல முங்கின அடுப்பு

யாருக்காவது உதவும்னு இதையும் எழுதுதேன். தண்ணியில முங்கின அடுப்பைக் காஞ்சிருச்சேன்னு பத்த வைக்கக் கூடாது. கேஸ் காத்தை விட கனம். கசிஞ்சா மேல போகாது, தரையில படுத்துக்கிடக்கும். அதுக்குச் சொந்தமா வாசனையும் கிடையாது. நமக்குத் தெரியணும்னு ஒரு நாத்த மருந்தைக் கலக்குதாங்க. வெள்ளத்துக்கு அப்புறம் வீடு பூரா சேத்து நாத்தம், அதுல கேஸ் நாத்தம் தனியா தெரியாது.

ரப்பர் டியூப்பைக் கழுவி மாட்டாம புதுசே வாங்குங்க. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை எப்படியும் மாத்த வேண்டியதுதான். சிலிண்டர் வாயில ஒரு ரப்பர் வாஷர் இருக்கும், அதுல மண்ணு இருந்தா ரெகுலேட்டர் சரியா ஒக்காராது. ரெகுலேட்டருக்குள்ள ஸ்பிரிங் இருக்கு, சேறு போனா நாம கழுவிச் சரி பண்ண முடியாது, ஏஜென்சியில காட்டி மாத்தணும். பர்னர் ஓட்டையைக் கோணூசியால குத்தி எடுக்கலாம். எல்லாம் மாட்டின பிறகு சோப்புத் தண்ணியை இணைப்புல தடவுங்க. குமிழ் வந்தா கசிவு. தீக்குச்சியை வச்சுப் பாக்கிற பழக்கம் இன்னும் சில பேருகிட்ட இருக்கு, அதை விட்டுருங்க.

குழாய் வந்துருச்சு, வீட்டுக்கு இல்லை

கடைசியா ஒரு செய்தி. குழாயே இல்லாத ஊருன்னு ஆரம்பிச்சேன். ஆனா எங்க மாவட்டத்துக்குக் கேஸ் குழாய் வந்துருச்சு. ராமநாதபுரத்துல இருந்து தூத்துக்குடிக்கு 143 கிலோமீட்டர் இயற்கை எரிவாயுக் குழாயை 2021 பிப்ரவரி 17-ல பிரதமர் திறந்து வச்சாரு. ராமநாதபுரம் பக்கத்து ஓ.என்.ஜி.சி. கிணத்துக் கேஸ் அது வழியா ஸ்பிக் உரத் தொழிற்சாலைக்கு வருது. அதுக்கு முந்தி அங்க நாப்தாவுல யூரியா செஞ்சாங்க, இப்போ இந்தக் கேஸ்ல செய்யுதாங்க. அந்த யூரியாவைத்தான் நான் வாழைக்கும் நெல்லுக்கும் போடுதேன். ஆக, குழாய்க் கேஸ் எங்க வயலுக்கு வந்துருச்சு, அடுப்புக்குத்தான் இன்னும் வரலை. சிலிண்டர் கேஸ் வ.உ.சி. துறைமுகத்துக்குக் கப்பல்லயும் வருது. அது எங்க ஊருக்கு லாரி, குட்டியானைன்னு மாறி மாறி ஏறி வந்து சேருது.

எங்க வீட்டுக்குக் குழாய் வர நாள் வரும்போது வரட்டும். அதுவரைக்கும் கனெக்ஷன்னா ஏட்டுல இருக்கிற பேருதான். இதைப் படிக்கிற நீங்க பாதிப் பேரு ஊருல அம்மாவையோ அப்பாவையோ தனியா விட்டுட்டு வந்தவங்களா இருப்பீங்க. அடுத்து ஊருக்குப் போறப்போ அடுப்படியில இருக்கிற கேஸ் புஸ்தகத்தை எடுத்துப் பாருங்க. யாரு பேருல இருக்கு, அந்த ஆள் இருக்காங்களான்னு பாருங்க. இல்லைன்னா இறப்புச் சான்றிதழையும் வாரிசுக் கடிதத்தையும் கையோட கொண்டு போய் அம்மை பேருக்கு மாத்திருங்க. குடும்பத்துக்குள்ள மாத்தினா பழைய டெபாசிட்டே தொடரும்னுதான் எங்களுக்குச் சொன்னாங்க. புதுசா எடுக்கப் போனா 2022 ஜூன்ல இருந்து சிலிண்டருக்கு மட்டும் டெபாசிட் 2,200 ரூபாய். நம்பரையும் ரசீதையும் உங்க போன்ல படம் எடுத்து வச்சுக்கோங்க. அம்மை கையில ரேகை விழுதான்னும் ஒரு தடவை சரி பார்த்துருங்க. அதுக்கு ஒரு அரை நாள் ஆகும். விறகு எல்லாம் நனைஞ்ச பிறகு செய்யப் போனா 52 நாள் ஆகும்.